மாயனூர் போக வேண்டிய அருவாமனை

இந்த ஜிலேபி மீனைச் செதில் எடுத்து முடிக்கிற வரைக்கும் உட்காருங்க அக்கா. ஏழே மீன்தான். அந்தக் கல் மேலே வேண்டாம், கட்டெறும்பு ஊரும். இந்தச் சாக்கை விரித்துக்கொள்ளுங்க. குனிந்துகொண்டே பேசுகிறாளே என்று தப்பா நினைக்காதீங்க. மீன் வெட்டும்போது நிமிர்ந்தால் விரல் போய்விடும். அதுவும் போக, வெளி ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சே வராதுங்க. அஞ்சாவது படிக்கும்போது புதுசா வந்த டீச்சர் என் பேரைக் கேட்டார்கள் என்று அழுதவள் நான். அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. எங்க அத்தை, மாமியாரைத்தான் சொல்கிறேன், இப்போதும் சொல்லுவாங்க: "இவளுக்கு வாய் இருக்குதுன்னு சோறு திங்கிறப்பத்தான் தெரியுது."

அதனால் நான் ஒன்றும் பேசிப் பேசி உங்களைப் பிடித்து வைக்க மாட்டேன். ஏழு மீன், ஒரு குழம்பு. சாப்பிட்டதும் நீங்க பாட்டுக்கு உங்க படகில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

மேட்டூரிலிருந்து தனியாகவா வர்றீங்க? அஞ்சு நாளா? யாருமே கூட இல்லையா? சரி சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. போன தடவை வந்தவரிடம் ஊரே கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். அதைச் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி இந்த அருவாமனையைப் பாருங்க. கை வைக்காமல் பாருங்க.

புளியங்கட்டை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் போயிருக்கிறது. இது என்னுடையது இல்லீங்க. எங்க அம்மாவுடையது. எங்க அம்மா பேர் மாராயி. மாயனூர் கதவணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டிக் கொடுக்கிறாள். ஜனங்கள் மீனை எங்கே வேண்டுமானாலும் வாங்குவார்கள், வெட்டுவதற்கு மட்டும் மாராயியிடம்தான் வரிசை. நாலு கிலோ கட்லாவை அவள் துண்டு போட்டால் ஒரு முள் சிதறாது. எல்லாம் அருவாமனையின் ராசி என்று சொல்லுவாள். அவளுடைய கையின் ராசி என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் பாருங்க, கை அங்கேயேதான் இருக்கிறது, அருவாமனை இங்கே வந்துவிட்டது, வரிசை பாதியாகிவிட்டதாம்.

எப்படி வந்தது என்றால், நான்தான் கொண்டுவந்தேன். வேண்டுமென்று இல்லீங்க.

எங்க வீட்டுக்காரர் அப்போது அங்கே பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழு மாதம் அவர் என்னைப் பார்த்தார். ஏழு மாதம் நான் தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயசு. ஒரு சாயங்காலம் அருவாமனையை ஆற்றில் கழுவிக்கொண்டிருக்கிறேன், பரிசலை ஒட்டி நிறுத்தி, "ஏறுறியா?" என்றார். ஏறிவிட்டேன். நடு ஆற்றில்தான் பார்க்கிறேன், மடியில் அருவாமனை. திருப்புங்க, வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் முதலாக ஒரு ஆம்பளையோடு போகிறோம், அதில் போய் அருவாமனைப் பேச்சா? அவர் என்னடா என்றால், நான் ஒரு பாதுகாப்புக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அக்கரையில் இறங்கி, டிவிஎஸ் வண்டியில் இந்த ஊர் வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கோயில் வாசலில் நிறுத்தினார். மாலை மாற்றும்போது பூசாரிதான், "அம்மிணி, அதைக் கொஞ்சம் கீழே வெச்சுட்டு நில்லு" என்றார்.

அம்மாவுக்கு நான் போனதில் கோபமே இல்லீங்க. சத்தியமாகச் சொல்கிறேன். எல்லாக் கோபமும் அருவாமனை போனதில்தான். எப்படித் தெரியும் என்கிறீங்களா? ஐஸ் வண்டி ஓட்டுகிற பொன்னான் அண்ணன் வாரத்துக்கு இரண்டு தடவை மாயனூருக்கும் இங்கேயும் வந்து போவார். அவரிடம் கேட்டு அனுப்புவாள். "அருவாமனை துருப்புடிக்காம இருக்குதா?" என்று ஒரு வாரம். "மழை பேயுதே, அருவாமனையை வெச்சிருக்கிற இடம் ஒழுகுதா?" என்று ஒரு வாரம். நான் மாசமாக இருந்தபோது, "அந்தக் கட்டை குட்டையானது, வயித்தை அமுக்கிட்டு உக்காந்து வெட்ட வேண்டாம்னு சொல்லு, கட்டை ஆடிப்போயிரும்" என்று சொல்லி அனுப்பினாள். பாருங்க, அப்போதுகூடக் கட்டையைப் பற்றித்தான் கவலை.

பையன் பிறந்த மூணாம் நாள் ஒரு சாணைக்கல் வந்தது. அருவாமனை தீட்டுவதற்கு. கல் என்னவோ உள்ளங்கை அளவுதான், அதைச் சுற்றியிருந்த துணி நாலு முழம். மெத்துமெத்து என்று பழைய நூல் சேலை, மூணு தடவை துவைத்தது. கல்லுக்கு எதுக்கு இவ்வளவு துணி? வீணாக்க மனசில்லாமல் தொட்டில் கட்டிவிட்டேன். பையன் அதில்தான் தூங்குகிறான்.

ஆனால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள் அக்கா. "என் அருவாமனை முதல்ல வீட்டுக்கு வரட்டும். அது வந்த மறுநாள் அவ வரட்டும். அதுக்கு முந்தி அவ வாசப்படி மிதிச்சா, நான் பொறவாசல் வழியா ஆத்துல இறங்கிருவேன்." செய்தாலும் செய்வாள். நன்றாக நீந்துவாள் வேறு.

நீயே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்பீங்க. எப்படிங்க போவது? அது முதலில், நான் மறுநாள். சரி, அதையே முன்னாலே நீட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டும் சேர்ந்து வந்த மாதிரி ஆகும் என்று ஒரு தடவை கிளம்பினேன். அம்மா வீட்டுக்குள் அருவாமனையை நீட்டிக்கொண்டு நுழைகிற மகளைப் பார்த்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? அதுவரைக்கும்கூடப் போகவில்லை. பஸ்ஸிலேயே எனக்குப் பக்கத்து சீட், முன் சீட், பின் சீட் எல்லாம் காலி. கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வரவே இல்லை. நானாக அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்துவிட்டேன்.

சரி, பொன்னான் அண்ணனிடம் கொடுத்துவிடலாம் என்றால், "ஏம்மிணி, கூரான சாமானை அம்மாளுக்கும் மகளுக்கும் நடுவுல கை மாத்தி, உங்க சண்டையை நான் ஐஸ் பொட்டியில வெச்சுக்கிட்டுத் திரியணுமா?" என்று வண்டியை எடுத்துவிட்டார். எங்க பக்கத்தில் அப்படித்தானுங்க. கத்தி, அருவாமனை, கத்தரிக்கோல் எதையும் கையில் கொடுத்துக் கையில் வாங்கினால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை. கீழே வைக்க வேண்டும், எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தபந்தம் எவரும் தொட மாட்டார்கள். வெளி ஆள்தான் வேண்டும். சொந்தமும் இல்லாமல், பகையும் இல்லாமல், மாயனூர் வழியாகப் போகிற ஆள்.

அப்போதுதான் போன தை மாதம் அந்த ஜோயல் சார் வந்தார்.

நாகர்கோவில்காரர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம். வாழைப்பூ மடல் மாதிரி ஒரு ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் படகு. கயாக் என்றார். நர்மதை முடிச்சாச்சு, கோதாவரி முடிச்சாச்சு, காவேரி மூணாவது, பூம்புகாரில் கடலைத் தொட்டதும் முடிந்தது என்றார், என்னமோ மூணு தோசை சாப்பிட்ட மாதிரி. தண்ணீர் பிடிக்கத்தான் எங்க துறையில் ஒதுங்கினார். எங்க வீட்டுக்காரர் பரிசலிலிருந்து, "எதுக்குங்க இப்படித் தனியா?" என்று கேட்டார்.

"சும்மாதாங்க."

அந்த ஒரு வார்த்தைதான் அக்கா. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருப்பார்.

பொன்னான் அண்ணன் வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவர். தைப்பூசத்துக்கு நாலு நாள்தான் இருந்தது, காலில் செருப்புப் போடாமல் ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் ஜோயல் சாரை மேலும் கீழும் பார்த்தார். தாடி. வெயிலில் தோல் உரிந்திருக்கிறது. கையெல்லாம் காய்ப்பு. "சும்மா எவனாச்சும் மூணு ஆறு போவானா? இது வேண்டுதல். வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு சொல்ல மாட்டேங்கறாரு" என்றார்.

"இல்லீங்க, வேண்டுதல் எல்லாம் இல்லை. ஒரு அனுபவத்துக்காக" என்றார் அவர்.

"பாத்தீங்களா? கேட்டாலும் சொல்ல மாட்டாரு. பெரிய வேண்டுதல்!"

அவ்வளவுதான். பாதயாத்திரைக்காரருக்குச் சோறு போடாமல் அனுப்புகிற ஊர் இல்லீங்க இது. இவர் நடக்கவில்லை, தண்ணீரில் வந்தார். அதனால் என்ன? ஒரு வீட்டில் களி, ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் பொங்கல், ஒரு வீட்டில் மறுபடியும் இட்லி. நான் கிறிஸ்தவன் என்று சொல்லிப் பார்த்தார். "சாமியில என்னங்க பேதம், இன்னும் ரெண்டு வெச்சுக்கோங்க" என்றார்கள். காலில் விழுந்தார்கள். அவர் பதறி எழுந்து நின்றார். எழுந்து நின்றது வசதியாகப் போச்சு, இன்னும் நாலு பேர் விழுந்தார்கள்.

பழனிக்குப் போகிறவரிடம் போக முடியாதவர்கள் காணிக்கை கொடுத்து அனுப்புவார்கள் இல்லையா, அந்த மாதிரி இவரிடமும் வந்தது. கடலில் போட ஒரு தேங்காய். மூணு எலுமிச்சம்பழம். குளித்தலையில் கட்டிக் கொடுத்த மகளுக்கு ஒரு டின் முறுக்கு, இரண்டு டஜன் கண்ணாடி வளையல். அவர் ஒவ்வொன்றுக்கும், "இல்லீங்க, இடம் இல்லீங்க" என்றார். ஒவ்வொன்றுக்கும் இடம் இருந்தது. கடைசியாகச் செல்லாயி அக்கா வந்தாங்க. கையில் சேவல். ஆற்றோரத்துக் கருப்பண்ணசாமிக்கு நேர்ந்து விட்டதாம், போகிற வழிதானே, இறக்கி விட்டுவிடுங்க என்று காலைக் கட்டிப் படகின் மூக்கில் வைத்துவிட்டாங்க.

இத்தனையும் நடக்கிறபோது நான் எங்கே இருந்தேன் என்கிறீங்க? அதோ, அந்தப் புங்கமரத்துக்குப் பின்னாடி. ஆறு மாத வயிறு. கையில் அருவாமனை, சாக்கில் சுற்றி. கேட்க வேண்டியது ஒரே வரி: மாயனூரில் மாராயி என்று கேளுங்க, இதைக் கீழே வையுங்க. மனசுக்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்தேன். இட்லி கொடுக்கிறவர்கள் நகரட்டும் என்று நின்றேன். காலில் விழுகிறவர்கள் நகரட்டும் என்று நின்றேன். சேவல் ஏறட்டும் என்று நின்றேன். ஒரு அடி முன்னால் வைக்கிறேன், அவர் துடுப்பைப் போட்டுவிட்டார். வாழ்க்கையில் ஒரு மனுஷன் அப்படி வேகமாகக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

இருநூறு அடிதான் போயிருப்பார். சேவல் தண்ணீரைக் குனிந்து பார்த்தது. அதுவரைக்கும் அது பார்க்கவில்லை போல. படபடவென்று இறக்கையை அடித்தது, அவர் பிடிக்கப் போனார், கயாக் அப்படியே குப்புறக் கவிழ்ந்தது. கரையில் ஒரே கூச்சல். தேங்காய் மட்டும் தனியாக மிதந்து முன்னால் போகிறது. ஆளைக் காணோம். எங்க வீட்டுக்காரர் பரிசலைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். அதுக்குள் அவர் அந்தப் பக்கம் தலையைத் தூக்கிவிட்டார். சேவல் எங்கே என்றால், கட்டு அவிழ்ந்து, கவிழ்ந்த படகின் முதுகு மேலே நின்று கூவுகிறது!

ஜனங்கள் கை எடுத்துக் கும்பிட்டார்கள். பொன்னான் அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் படகைத் திருப்பி, சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "திரும்பி வாங்க, துணி மாத்திக்கிட்டு ஒரு வாய் இட்லி சாப்பிட்டுப் போங்க" என்று செல்லாயி அக்கா கத்தினதுதான் தாமதம், திரும்பியே பார்க்காமல் அடித்தார் பாருங்க துடுப்பை, வளைவில் மறைந்தே போனார்.

முறுக்கு போச்சு, வளையல் போச்சு. ஒரு மாதம் கழித்துப் பொன்னான் அண்ணன் போனுக்கு ஒரு படம் வந்தது. பூம்புகார் கடற்கரை. ஜோயல் சார் சிரிக்கிறார். தோளில் சேவல். கருப்பண்ணசாமி கோயிலில் இறக்கி விட மனசு வரவில்லையாம். செல்லாயி அக்கா அன்றிலிருந்து, சாமிக் குத்தம் வந்தால் அது பெங்களூருக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்காங்க. பேப்பரில்கூடப் போட்டார்களாம், மூன்று நதிகளைத் தன்னந்தனியாகக் கடந்தார் என்று. சேவல் கூட வந்ததை ஒருவரும் எழுதவில்லை.

எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. என் அருவாமனை மட்டும் அடியில் கிடந்திருந்தால் அந்தக் கனத்துக்குப் படகு ஆடியே இருக்காது. நான் வாயைத் திறக்காததால் ஒரு டின் முறுக்கு போச்சு. மாயனூரை அவர் அடுத்த நாளே தாண்டியிருப்பார். அம்மா உட்காருகிற இடத்துக்கு முன்னாடியேதான் படகைத் தூக்கிக் கதவணையைச் சுற்றி நடந்திருப்பார். பொன்னான் அண்ணன் சொன்னார், அன்றைக்கு அம்மா பார்த்தாளாம். "சேவலோட ஒருத்தன் போறான், மேக்கேயிருந்து வர்றானாம், அருவாமனை எதுவும் கொண்டுவரலையா?" என்று கேட்டாளாம்.

ஆறு முடிந்தது. இது ஏழாவது. பெரிய மீன், உங்களுக்கு இதுதான்.

இப்போது பையனுக்கு எட்டு மாதம். இந்தத் தைக்கு ஒன்பது முடியும். அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெரிசா ஒன்றும் இல்லை. அம்மா நினைப்பு என்றெல்லாம் எதுவும் கிடையாது. அவனுக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது, மேலே வருவதற்குள் போனால் நல்லது என்று பார்க்கிறேன். கீழ்ப்பல் இரண்டு மட்டும் இருக்கிற சிரிப்பு அப்புறம் வராது பாருங்க.

அதனால்தான் காலையில் நீங்க துறையில் ஒதுங்கி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டதும் நான் ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. முதல் காரியமாக உங்களை இந்தக் குடிசைக்குப் பின்னாடி உட்கார வைத்தேன். நீங்க முகம் கழுவப் போனபோது, உங்க படகின் மேலே எங்க பழைய பரிசலைக் கவிழ்த்து மூடிவிட்டேன். வால் கொஞ்சம் வெளியே நீட்டியது, அதுக்குச் சாக்குப் போட்டிருக்கிறேன். பயப்படாதீங்க, படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கிப் பார்த்தேன், பஞ்சு மெத்தை மாதிரி இருக்கிறது! காற்று அடிச்ச படகு என்று நீங்க சொன்னதும் எனக்கும் கொஞ்சம் யோசனைதான், அருவாமனை ஆச்சே என்று. ஆனால் பம்பு கையோடு வைத்திருக்கீங்களே, அப்புறம் என்ன?

சிரிக்காதீங்க அக்கா. நான் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். கூர்ப் பக்கம் முழுக்க வாழைமட்டை சொருகி, அதன் மேல் ரப்பர் டியூப் சுற்றி, அதன் மேல் சாக்கு, அதன் மேல் எங்க வீட்டுக்காரர் லுங்கி. குழந்தையைக்கூட அப்படி நான் சுற்றியதில்லை. நான் கையில் கொடுக்க மாட்டேன். இதோ இங்கே கீழே வைப்பேன், நீங்க எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் அப்படியே, அம்மா அவசரத்தில் கையை நீட்டுவாள், கொடுத்துவிடாதீங்க. கீழே வையுங்க. உங்களுக்கும் அவளுக்கும் பகை வர வேண்டாம்.

யார் நீ என்பாள். ஆற்றில் வந்தேன் என்று சொல்லுங்க. எதுக்குத் தனியா வந்தே என்பாள். தயவு செய்து சும்மா என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. என்ன சொல்லி விட்டாள் என்று கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லுங்க. இல்லை, பல் விஷயத்தை மட்டும் சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு தடவை தீட்டினேன், மழையில் நனையவிடவில்லை, நான் நன்றாக இருக்கிறேன், அதாவது அருவாமனையை நன்றாக வைத்திருந்தேன் என்று சொல்லுங்க. ஒரு அரை மணி நேரம் திட்டுவாள், உங்களை இல்லை, என்னைத்தான், நீங்க என் பேருக்கு வாங்கிக்கொள்ளுங்க. திட்டி முடித்ததும் சாப்பிடச் சொல்லுவாள். சாப்பிடாமல் மட்டும் கிளம்பிவிடாதீங்க, அப்புறம் மறுநாள் நான் போகும்போது அதுக்கும் சேர்த்து

"சிந்தாமணீ! ஏ புள்ள! பையன் முழிச்சிக்கிட்டு அழுவுறான், அங்க யாருகிட்ட இம்புட்டு நேரமாப் பேசிட்டிருக்கிறே?"

வந்துட்டேனுங்க அத்தே! யாருமில்லீங்க! மீன்கிட்ட!

அக்கா, எந்திரிக்காதீங்க. அடுப்பில் புளி கொதிக்கிறது, இந்த மீனைப் போட்டால் பத்தே நிமிடம். அங்கே எதைத் தேடுறீங்க? துடுப்பையா? அது பத்திரமா இருக்குதுங்க. போன தடவை மாதிரி நான் உள்ளே போய் வருவதற்குள் ஆள் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான், நீங்க முகம் கழுவப் போனபோதே அதை எடுத்து நான் எங்க பையன் தொட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டேன்.